சிதம்பரத்துக்கு எத்தனை வழி

வெள்ளாற்றின் வடகரையில், ஒரு மதகுக் கட்டையின் மேல், நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கரையில் தென்னைமரங்கள் தெரிந்தன. மரங்களுக்குப் பின்னால் ரோடு. ரோட்டில் ஒரு பஸ் போவதுகூடத் தெரிந்தது. அது சிதம்பரம் போகிற பஸ். எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஆறு இருந்தது. பாலம் இல்லை.

பாலம் இருக்கிறது என்று சொல்லி அழைத்து வந்தது நான்.

போன கோடையில் நடந்தது இது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆற்றில் பாதி மணல், பாதி தண்ணீர். கரையெல்லாம் காய்ந்த கோரையின் வாசனை. மதியம் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இவருக்கு டயாலிசிஸ். இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டதால் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைக்குப் பிறகு மிஷினைப் பார்க்காத உடம்பு. கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கியது. அதனால் இவர் என்னைத் திட்டவில்லை.

எங்களை இறக்கிவிட்ட மினிபஸ் அப்படியே திரும்பிப் போய்விட்டது. அடுத்தது மூன்று மணிக்கு என்று டிரைவர் சொல்லியிருந்தார், அதுவும் ஆள் இருந்தால்.

இவர் ஆற்றை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"டெர்மினஸ்," என்றார்.

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போவதற்கு நேர் ரோடு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஏறினால்கூட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு அறுபது வயது தாண்டிய இரண்டு பேர் ஆற்றங்கரையில் ஏன் உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஒரே ஒரு ட்ரிப்

இவர் பெயர் கோதண்டம். அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்கக் கடலூர்–சிதம்பரம் லைன்தான். வேறு லைன் கேட்டு வாங்கியிருக்கலாம். தெரிந்த பள்ளம் போதும் என்று சொல்லிவிட்டார்.

ரிட்டையர் ஆன புதிதில் என்னை பைக்கில் உட்காரவைத்துப் புதுச்சத்திரம் பக்கம் ஒரு காதுகுத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆலப்பாக்கம் ஸ்டாப்பில் வண்டி தானாக மெதுவானது. ஏறுவதற்கு யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் போனார்.  அடுத்த ஸ்டாப்பில் ஒரு பெண்மணி கையைக் காட்டினார். வண்டி நின்றேவிட்டது.

பிறகுதான் கிட்னி. கடலூரில் மிஷின் காலியில்லை, பெயர் பதிந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். சிதம்பரத்தில் இடம் கிடைத்தது. மிஷின் ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் உள்ளே கொர்ரென்று ஓடும் சத்தம் கேட்கும். தினமும் காலையில் நான் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. நான் காதை எடுத்ததும் இன்ஜின் ஐட்லிங் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்.

முதல் ஒரு வருடம் நேர் பஸ்ஸில் போய் வந்தோம். தான் ஓட்டிய அதே லைனில், டிரைவருக்குப் பின் சீட்டில், வலது காலால் தரையை மிதித்துக்கொண்டு வருவார். அது பிரேக்.

மிஷினில் படுக்கிற நாலு மணி நேரம் இருக்கிறதே, அது நகரவே நகராது. சுவரில் கடிகாரம் மாட்டியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் இருப்பதே ஒரு வேலை. ஆனால் மாதம் எங்கே போனது என்று கேட்டால் தெரியாது. பொங்கல் வந்தது போல் இருந்தது, ஆடி வந்து நின்றது.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் இவர் சட்டை போட்டார், பட்டனும் போட்டார், பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரல தனம். போதும்."

பஸ் போய்விடும் என்றேன்.

"போவட்டும். சர்வீஸ் பூரா ஓட்டுனன். அத்தனையும் ஒண்ணா சேத்துப் பாத்தா ஒரே ஒரு ட்ரிப்புதான் ஞாபகத்துல இருக்குது. இதுவும் அப்டித்தான். ஒரு வருசமா போயிட்டு வரன், உள்ள பாத்தா ஒரு நாளுதான் இருக்குது. இன்னும் ரெண்டு வருசம் போனாலும் அதே ஒரு நாளுதான் இருக்கப் போவுது. அதுக்கு எதுக்கு இந்த ஊசி?"

 சமையலறைக்குப் போய் அரிசியைக் களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன். மிஷினை நிறுத்தினால் எத்தனை நாள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதிகம் சொல்லவில்லை.

நான் டைப் அடித்த ஊர்கள்

இந்தப் பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரில் ஊர்ப் பெயர்களை அள்ளிக் கொட்டுகிறேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். அவர் சொல்வது சரி. ஆனால் என் பிழைப்பே ஊர்ப் பெயர்தான்.

கடலூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். கிரயப் பத்திரம், தானப் பத்திரம், பாகப் பிரிவினை. இன்ன வட்டம், இன்ன கிராமம், வடக்கில் இன்னார் நிலம், தெற்கில் வாய்க்கால். இந்த மாவட்டத்தில் நான் விற்காத நிலம் குறைவு. கண்ணால் பார்த்த ஊர் அதைவிடக் குறைவு. வீடு, ஆபீஸ், மீன் மார்க்கெட், அதற்கு மேல் எனக்கு வேலை இல்லை.

தாவணியோடு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து வரும்போது கண்ணில் புரை இருந்தது. நடுவில் நடந்தது என்ன என்று யோசித்தால் ஒரு வாரம் மட்டும்தான் முழுசாக நினைவுக்கு வருகிறது. வெள்ளத்தில் ஆபீஸுக்குள் தண்ணீர் புகுந்து, ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையில் டைப் மிஷினை வைத்து அடித்தோமே, அந்த வாரம். வாழைமரத்தைக்கூட அவிழ்க்கவில்லை. மாப்பிள்ளை நாற்காலியில் எழுத்தர் உட்கார்ந்தார். என்ன சாப்பிட்டேன் என்பதுவரை இன்றும் சொல்வேன். முதல் நாள் சேமியா பாயசம், மண்டபத்துச் சமையல்காரர் கொடுத்தது.

அன்று அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது எனக்கு அந்தப் பாயசம்தான் ஞாபகம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டேன்.

"வழிய மாத்துனா வருவீங்களா?"

ஒப்பந்தம்

 இவர் விதிகளைப் போட ஆரம்பித்தார். டிரைவர் புத்தி.

ஒவ்வொரு முறையும் ரோடு மாற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி மாற வேண்டும். சீட் மாறினால் அது புது வழி ஆகாது. ஒருமுறை போனது மறுமுறை கூடாது. திரும்பி வருவதற்கு இது கிடையாது, ஊசி குத்தின உடம்பு நேர் பஸ்ஸில்தான் வரும். வழி கண்டுபிடிக்க வேண்டியது நான் மட்டும்; இவரிடம் கேட்கக் கூடாது. வழி தீர்ந்துபோன அன்றைக்கு இவர் நிறுத்திக்கொள்வார். அப்போது நான் அழக் கூடாது, என் தம்பி முருகவேலைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கவும் கூடாது.

ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வது? சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாரே, அதுவே பெரிய விஷயம்.

இவருக்கு ஒரு ரோடு தெரியும், எனக்கு எல்லா ஊரும் பெயரளவில் தெரியும். இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று இவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் வெளியில் காட்டவில்லை.

அன்றைக்கு ரயில். பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போகிற பாசஞ்சர். தண்டவாளம் ரோட்டைத் தொட்டுக்கொண்டு போகும் இடங்களில் தன் ரோட்டைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நல்ல ரோடாகத்தான் தெரிகிறது என்றார்.

எதிர்த் தரப்பு

குறிஞ்சிப்பாடி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழி. பண்ருட்டிக்கு மேலே ஏறி வடலூருக்குக் கீழே இறங்குகிற வழி. இதற்கு மட்டும் இவர் ஆட்சேபம் தெரிவித்தார், இது வழியல்ல, தொலைந்துபோவது என்று. ஆனால் விதிப்படி குற்றமில்லை.

ஸ்ரீமுஷ்ணம் போன அன்று விடியற்காலையே கிளம்பிவிட்டோம். விருத்தாசலத்தில் ஒரு பஸ் மாறி, ஸ்ரீமுஷ்ணத்தில் இன்னொரு பஸ் மாறி, காட்டுமன்னார்கோயில் வழியாகச் சிதம்பரம். பஸ் ஸ்டாண்டில் கரும்பு ஜூஸ் கடைக்கு எதிரே நிற்க வேண்டியிருந்தது. இவருக்கு ஒரு நாளைக்குத் தண்ணீரே அளந்துதான். மிஷினில் கரும்பு போய் நசுங்கி வருவதை நல்ல சினிமா பார்க்கிற மாதிரி பார்த்தார். குடிக்கவில்லை. இந்த ரோட்டில் பள்ளம் எங்கே வரும் என்று தனக்குத் தெரியவில்லை, வயிறு கூசுகிறது என்றார் அடுத்த பஸ்ஸில். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

முருகவேல் லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். கத்தரிக்காய் மூட்டைகளோடு எங்களையும் ஏற்றிக்கொண்டான். "மாமா, நீங்க ஓட்டறீங்களா?" என்று சும்மா கேட்டான். இவர் வழி நெடுக அவன் கியர் போட்டதற்கெல்லாம் முகத்தைச் சுளித்தார்.

முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குப் போன ஒரு கல்யாண வேனிலும் ஏறினோம். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள், மாப்பிள்ளையின் சித்தப்பா எங்களைப் பெண் வீடு என்று நினைத்தார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது தாம்பூலப் பை கொடுத்தார்கள்.

அந்தத் தேங்காயை நர்ஸ் பிலோமினாவிடம் கொடுத்தேன். டயாலிசிஸ் வார்டில் மூத்த நர்ஸ் அவர். கல்யாண வேன் கதையைக் கேட்டுவிட்டு அடுத்த கட்டில்காரரிடம் சொன்னார். அவர் அதற்கடுத்தவரிடம் சொன்னார். அன்றிலிருந்து இவர் உள்ளே நுழைந்தால் போதும், இன்னைக்கு எந்தப் பக்கமா வந்தீங்க என்று ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் கேட்பார்கள். கதை சொல்வது என் வேலை. இவர் கண்ணை மூடிக்கொண்டு, நான் தப்பாகச் சொல்கிற இடங்களில் மட்டும் திருத்துவார்.

ஒன்று சொல்ல வேண்டும். மழையில் தொடங்கி மாம்பழம் வருகிற வரைக்கும் அந்த மாதங்கள் போனதே தெரியவில்லை, அவ்வளவு வேகம். ஆனால் திரும்பிப் பார்த்தால் நாலு வருடம் வாழ்ந்த மாதிரி இருக்கிறது. எந்தக் கிழமை எந்த ஊரில் என்ன மழை என்று தனித்தனியாகச் சொல்ல முடிகிறது. அதற்கு முந்தைய ஒரு வருடம் நகராமல் கழுத்தை அறுத்தது. அதைத் திரும்பிப் பார்த்தால் ஒரு சுவரும் ஒரு கடிகாரமும்தான் இருக்கிறது. இது ஏன் இப்படி என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். எனக்கு அந்த மாதங்கள் பிடித்திருந்தன. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு சுற்றியதில்லை.

தெற்கில் வெள்ளாறு

சித்திரை வந்தபோது என் ஊர்கள் தீர ஆரம்பித்தன. படுத்துக்கொண்டு மனசுக்குள் ஒவ்வொரு பத்திரமாக ஓட்டிப் பார்ப்பேன். எல்லாம் போன ஊராகவே வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இவரிடம் அதை மறைத்துவிட்டேன்.

கடைசியாக ஒரு ஊர் மிச்சம் இருந்தது. பெயர் வேண்டாம், அங்கே இந்தப் பத்திரிகை போகிறது. சேத்தியாத்தோப்புக்கும் புவனகிரிக்கும் நடுவில், ஆற்றை ஒட்டிய கிராமம். அந்த ஊர் நிலத்தை நிறைய அடித்திருக்கிறேன். சில பத்திரத்தில் தெற்கில் வெள்ளாறு என்று வரும். சில பத்திரத்தில் அதே ஊர்ப் பெயரைப் போட்டு, வடக்கில் வெள்ளாறு என்று வரும். அப்படியென்றால் ஊர் இரண்டு கரையிலும் இருக்கிறது. ஒரே ஊர் என்றால் நடுவில் பாலம் இல்லாமலா இருக்கும்?

அங்கே பாலம் உண்டா என்று இவர் முந்தின நாளே கேட்டார். இருக்கிறது, பத்திரத்திலேயே இருக்கிறது என்றேன்.

ஆறு எப்போதோ திசைமாறி ஓடி ஊரை இரண்டாகப் பிளந்துவிட்டது, பெயர் மட்டும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மினிபஸ் டிரைவர் இறக்கிவிடும்போது விளக்கினார். நல்ல மனிதர். ஏறும்போது சொல்லியிருக்கலாம்.

மதகுக் கட்டை

அப்படித்தான் மதகின் மேல் வந்து உட்கார்ந்தோம்.

முருகவேலுக்குப் போன் செய்தேன். ஆட்டோவோடு திண்டிவனத்தில் இருந்தான். பார்வைக்கு ஒரு ஆறு தண்ணீர் எதிரில் ஓடிக்கொண்டிருந்தது. இவருக்குப் பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். நாக்கை நனைத்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. மூச்சு விடும்போது தோள் ஏறி இறங்கியது.

மறைப்பதில் இனி அர்த்தமில்லை என்று தோன்றியது.

"இதான் கடைசி. வேற ஊரு எங்கிட்ட இல்லீங்க."

இவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லது என்று சொல்லிவிடுவாரோ என்று காத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. ஒப்பந்தப்படி அழக் கூடாது. அழுதேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் புத்தி இப்படிப் போனதே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இவர் செத்துப்போய்விட்டால் அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் ஒரே நாளாகத்தான் இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அப்போது வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் கரைமேல் வந்தது.

இவர் எழுந்தார். கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, கையைக் காட்டினார். சர்வீஸ் முழுக்க ஜனங்கள் இவருக்குக் கை காட்டினார்கள். இவர் ஒரு வண்டிக்குக் கை காட்டி நான் அன்றுதான் பார்த்தேன்.

டிராக்டர் நின்றது.

"தம்பி, சிதம்பரம் போவணும். எப்டிப் போறது?"

எங்கள் கல்யாணமான நாளிலிருந்து இவர் யாரிடமும் வழி கேட்டதில்லை. இவர் சிதம்பரத்துக்கு வழி கேட்டார்.

டிராக்டர்காரன் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தான். "சிதம்பரம் போறவங்க இங்க ஏன் வந்தீங்க?" என்றான்.

அது பெரிய கதை என்றார் இவர். அவன் இவரைத் தன் பக்கத்தில் மட்கார்டில் ஏற்றிக்கொண்டான், என்னைப் பின்னால் வைக்கோல்மேல் ஏற்றினான். கரைமேலேயே குலுங்கிக் குலுங்கிப் புவனகிரிப் பாலம் வரை கொண்டுவந்து விட்டான். அதற்குள் அவனும் இவரும் என்னவோ பேசிக்கொண்டே வந்தார்கள். இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நேரம் தாண்டிவிட்டது. என் தலையெல்லாம் வைக்கோல். பிலோமினா இவருடைய பிரஷரைப் பார்த்தார், முகம் மாறியது. மூக்கில் ஆக்சிஜன் மாட்டினார். "விளையாடுறீங்களாம்மா?" என்று என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.  மிஷின் ஓட ஆரம்பித்து வெகுநேரம் கழித்துத்தான் இவர் தோள் அசைவது அடங்கியது.

அன்று யாரும் எந்தப் பக்கமாக வந்தீர்கள் என்று கேட்கவில்லை.  கொஞ்ச நேரத்தில் இவரே ஆக்சிஜன் குழாயை நகர்த்திவிட்டு ஆரம்பித்தார்.

"இன்னைக்கி என் பொண்டாட்டி ஆத்துக்குப் பாலம் கட்டுனா," என்றார்.

முழுக் கதையையும் இவரே சொன்னார். நான் திருத்தவில்லை.

சாயங்காலம் நேர் பஸ்ஸில் ஏறினோம். இவர் ஜன்னல் ஓரம். நான் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை என்ன என்று கேட்டால் பதில் வந்துவிடும், அந்தப் பதில் எனக்கு வேண்டாம். புதுச்சத்திரம் தாண்டியதும் இவரே பேசினார்.

"அந்தக் கரைமேலயே மேற்கால ஒரு வழி போவுதாம். அணைக்கட்டுகிட்ட போயி ஏறுதாம். டிராக்டர்காரன் சொன்னான். மழை வந்தா போவ முடியாது, இப்ப போலாம்."

"எப்போ?"

"வியாழக்கெழம."

வழி தீர்ந்தால் நிறுத்திக்கொள்வதாகத்தானே பேச்சு என்றேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"நீ தீத்துட்ட," என்றார். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

இதை எழுதுகிற இன்று திங்கட்கிழமை. நாளைக்கு எந்த வழி என்று இவர் எனக்கு இன்னும் சொல்லவில்லை. விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும், தலைக்குத் துணி எடுத்துக்கொள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.